தரவு அறிவியல் முதுநிலைப் படிப்பு: எவ்வளவு கடன் வேண்டும்?

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் அமைந்தன. இவ்வெல்லைச் சிற்றூர்களில் வாழும் நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் கணிதம், புள்ளியியல், கணினியியல் ஆகியவற்றில் பட்டம் பெற்ற இளையோர்க்குத் தரவு அறிவியல் ஒரு நல்வழி.

2020இல் உருவான கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம், தரவுப் பகுப்பாய்வு சார்ந்த முதுநிலைப் படிப்புகளைத் திருவனந்தபுரத்தை அடுத்த மங்கலபுரத்தில் வழங்குகிறது. ரயிலும் பேருந்தும் மாறிச் செல்லும் நெடும்பயணம்தான். எனினும் வீட்டிலிருந்து சென்றுவந்தால் விடுதிச் செலவு மிஞ்சும், கடனும் சுருங்கும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, 4 லட்சம் ரூபாய் வரை நம் கைப்பணம் எதுவும் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டா. குடும்பத்தின் ரப்பர்த் தோட்டத்தை அடகு வைக்கத் தேவை எழாது.

படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் வட்டி உறங்குவதில்லை. ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி எனக் கொள்வோம். இரண்டாண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கந்தோறும் 2 லட்சம் பெற்றால், மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1 லட்சம் சேர்ந்திருக்கும். பெற்றோர் திங்கள்தோறும் வட்டியைச் செலுத்திவந்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சமாகவே நிற்கும். முதலாண்டில் அது மாதம் ஏறத்தாழ 1,667 ரூபாய். அதன்பின் 3,333 ரூபாய்.

கையொப்பமிடுமுன், வட்டியை உடனுக்குடன் செலுத்துவோர்க்குச் சலுகை உண்டா எனக் கிளை மேலாளரிடம் கேட்டறிவோம். கல்வி நம் பிள்ளைகளுக்குச் சொத்தாகட்டும், சுமையாக வேண்டா.