மூடாத மதகு

தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் நுரையீரலில் காற்று இல்லை, திரவம்தான் நிரம்பியிருக்கிறது. அதற்கு வேண்டிய பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்து வருகிறது. வேலை செய்யாத நுரையீரலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? ஆகவே, நுரையீரலுக்குச் செல்லும் தமனியையும், உடலெங்கும் ரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குறுக்கு வழி சிசுவுக்கு அமைந்திருக்கிறது. டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்பது அதன் பெயர். பெயர்தான் நீளம், குழாய் மிகச் சிறியது.

குழந்தை பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் ரத்தத்தில் பிராணவாயு கூடுகிறது. குழாயைத் திறந்தே வைத்திருந்த புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளும் குறைந்துவிடுகிறது. குழாயின் தசைச் சுவர் சுருங்கி, நிறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாட்களில் வழி அடைபடுகிறது. பிறகு அது வெறும் நாராகிவிடும். உங்கள் மார்புக்குள்ளும் அந்த நார் இருக்கிறது!

ஆனால் 28 வாரம்கூட நிறையாமல் பிறந்துவிடும் குழந்தைகளில் பலருக்கு இக்குழாய் குறித்த காலத்தில் மூடுவதில்லை. இப்போது பெருந்தமனியில்தான் அழுத்தம் அதிகம். எனவே ரத்தம் எதிர்த்திசையில், நுரையீரல் பக்கம் பாய்கிறது. வாய்க்காலின் தலைப்பில் ஒரு மதகு மூடாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பக்கத்து வயல் மூழ்கும், கடைமடை காயும். இங்கே மூழ்குவது நுரையீரல். காய்வது குடலும் சிறுநீரகமும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டெதஸ்கோப்பில் ஒரு முணுமுணுப்பு கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் சில நாட்களில் குழாய் திறந்திருந்தும் சத்தமே கேட்காமல் இருப்பதுண்டு. ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம் என்றாலோ, ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தை அதைத் தாங்க வேண்டுமே!

இங்கேதான் கேளா ஒலி கைகொடுத்தது. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும் இதயத்தின் அசைவை எதிரொலியால் பதிவு செய்தனர். அவர்கள் முதலில் முயன்று பார்த்த கருவி, உலோகத்தில் உள்ள வெடிப்புகளைக் கண்டறிய ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வைத்திருந்தது! அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்த ஹெர்ட்ஸின் குடும்பத்தவர்தான் இந்த ஹெர்ட்ஸும்.

1974-ல் சில்வர்மன், ரூடால்ஃப் முதலியோர் இம்முறையைக் குறைமாதக் குழந்தைகளிடம் கையாண்டனர். அன்றைய கருவியில் அந்தச் சிறு குழாய் தெளிவாகத் தெரியாது. ஆகவே அதன் விளைவை அளந்தார்கள். நுரையீரலுக்கு அதிக ரத்தம் போனால், அங்கிருந்து இடது ஆரிக்கிளுக்குத் திரும்புவதும் அதிகமாகும், ஆரிக்கிள் உப்பும். பெருந்தமனியின் அகலம் அப்படி மாறுவதில்லை. ஆகவே ஆரிக்கிளின் அளவைப் பெருந்தமனியின் அளவால் வகுத்தார்கள். இது எளிய வகுத்தல்தான், ஆனால் எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! குழந்தை சிறிதோ பெரிதோ, அளவுகோல் அதன் உடம்பிலேயே இருக்கிறது. இந்த விகிதம் ஏறக்குறைய 1.5-ஐத் தாண்டினால் கசிவு அதிகம் என்று இன்று கொள்கிறார்கள்.

இப்போது குழாயையே திரையில் பார்க்கலாம். உடல் திசுவில் ஒலி விநாடிக்கு சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. அதிர்வெண் ஒரு கோடி ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் என்ன? நீங்களே வகுத்துப் பாருங்கள்: 0.154 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் குழாயை அளக்க அது போதும். டாப்ளர் விளைவால் ரத்தம் ஓடும் திசையும் வேகமும் தெரியும். கருவியை நோக்கி வரும் ரத்தத்தைச் சிவப்பாகவும், விலகிச் செல்வதை நீலமாகவும் காட்டுவது வழக்கம். இந்நிறங்கள் பிராணவாயுவைக் குறிப்பன அல்ல. பலர் இதில் ஏமாறுவதுண்டு.

குழாய் திறந்திருப்பது தெரிந்துவிட்டது. உடனே மூடிவிட வேண்டியதுதானே? விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெதசின் மருந்து குழாயை மூடுவதாக 1976-ல் தெரிய வந்தது. பின்பு இப்யூப்ரோஃபென், பாராசிட்டமால் ஆகியவையும் வந்தன. மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவை செய்து கட்டுவதும் உண்டு. ஆனால் இம்மருந்துகளில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஒன்றரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் திறந்த குழாய்களுக்குத் தொடக்கத்திலேயே இப்யூப்ரோஃபென் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2024-ல் வெளியாயிற்று. மரணமோ நாட்பட்ட நுரையீரல் நோயோ அதனால் குறையவில்லை. பல குழந்தைகளுக்குக் குழாய் தானாகவே மூடிக்கொள்கிறது. எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்குக் காத்திருப்பு என்பதில் டாக்டர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. அதனால்தான் இன்குபேட்டருக்குள் கையை நுழைத்து, பட்டாணி போன்ற அந்த மார்பின் மீது கருவியை மெல்ல வைத்து, தேவைப்படும்போதெல்லாம் மறுபடியும் அளந்து பார்க்கிறார்கள்.