காப்பிக்காட்டில் ஒரு பகல் தூக்கம்

நவம்பர் பிறந்தால் ஏற்காட்டுக் காப்பிக்காடுகளில் பழம் பறிப்பு மும்முரமாகிவிடும். காயை விட்டுப் பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுக்கிற வேலை. கைக்குழந்தைக்காரி என்றால், நிழல்மரக் கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டி, அழுதால் கேட்கிற தூரத்துச் செடிகளாகப் பார்த்துப் பறிப்பாள். பிள்ளை எப்போது தூங்க வேண்டும், எப்போது பால் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே மேஸ்திரியின் கையில்.

பிறந்த முதல் மூன்று மாதம் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. அந்த நாட்களில் நேரம் வகுக்கப் பார்ப்பது வீண் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி அந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் தேவை. நான்கு மாதத்திலிருந்து பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் அடக்கம். நான்காம் மாதத்துக்கு மேல்தான் பகல் தூக்கத்துக்கு ஓர் ஒழுங்கு கூடிவரும். ஆறு மாதத்தில் பகலில் மூன்று தூக்கம், ஒன்பது மாதத்தில் இரண்டு, ஒன்றரை வயதில் ஒன்று என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைந்துகொண்டே போகும்.

மகப்பேறு விடுப்பு முடிவதும் ஏறக்குறைய பகல் தூக்கம் ஒழுங்காகும் இதே நேரத்தில்தான். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பேறுகாலத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆக, தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். தூக்கம் ஒழுங்குக்கு வரும் வேளையில் கவனிக்கும் கை மாறிவிடுகிறது. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் இந்த விடுப்பு உரிமை உண்டு. தினக்கூலி என்பதாலேயே மறுக்க முடியாது.

வேலைக்குத் திரும்பியவளுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளைக்குப் 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். தோட்டங்களுக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டமே காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்கள் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்டன. பாலூட்டும் இடைவேளையும் காப்பகமும் போய்விடவில்லை.

இந்த இரண்டு இடைவேளையையும் தூக்கத்தோடு பொருத்திக்கொள்வதில்தான் சாமர்த்தியம். ஆறரைக்கு எழுந்த ஆறு மாதப் பிள்ளை ஒன்பது மணிவாக்கில் கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும். அழுகை வருவதற்கு முன்பே கிடத்திவிட வேண்டும். பத்தரைக்கு எழும்போது தாய் வந்து பால் கொடுத்தால், அடுத்த தூக்கம் ஒரு மணிக்குத் தானாக வரும். காப்பகத்து ஆயாவிடம் இந்த நேரங்களைச் சொல்லி வைப்பதும், தினமும் அதே பாட்டு, அதே துணி என்று வைத்துக்கொள்வதும் போதும். பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகிவிடாது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே சிறு காடுகள் நிறைய. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த காட்டில் பத்துப் பேரோடு பறிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்குக் காப்பகச் சட்டம் எட்டாது. அங்கன்வாடியோ இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் பகலில் வைத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில்தான் ஆபத்தான குறுக்கு வழிகள் நுழைகின்றன.

அதில் மோசமானது, ‘கொஞ்சம் தூங்கட்டும்’ என்று ஊற்றுகிற சளி மருந்து. குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்ததால் 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், ஒரு வயது வரை நாக்கில் தடவக் கூடாது. நரம்பைத் தாக்கும் பாக்டீரியாவின் வித்து அதில் இருக்கலாம்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெத்தென்ற கம்பளியை முகத்தருகே குவிப்பதும் அதே அளவு ஆபத்து. ஓர் உடுப்பு கூடுதலாகப் போட்டு, சமமான பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பத்திரம்.

தூளியைத் திட்டி எழுத மனம் வரவில்லை; தலைமுறைகள் அதில் வளர்ந்தன. ஆனால் தூளிக்குள் பிள்ளை வளைந்து கிடக்கும். தாடை மார்பில் முட்டினால் மூச்சுப் பாதை குறுகும். புரளத் தொடங்கிய பிள்ளை விளிம்பு வழியே சரியும். அண்ணன் அக்கா விளையாட்டாக முறுக்கிவிட்டால் துணி கழுத்தைச் சுற்றும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டித் தூங்க வைத்து, பிறகு தரையில் மாற்றிவிடலாம்.

இடைவேளையோ விடுப்போ மறுக்கப்பட்டால் சேலத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். வேலை நாள் எழுதிய துண்டுச்சீட்டு எதுவும் சாட்சிதான். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100-ஐ அழைக்கலாம். பிள்ளை மூச்சுக்குத் திணறினாலோ எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, 108.

சிறு காடுகளுக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுத்து அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்தால் ஓர் ஆள் கூலியில் இது முடியும். ஆறு மாதத்திலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கும் மத்திய அரசின் ‘பால்னா’ திட்டக் காப்பகத்தைக் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடவும் வழி இருக்கிறது. உள்ளாட்சி தினக் கிராம சபை நவம்பர் 1-இல் கூடுகிறது; பழம் பறிப்பு மும்முரமாகும் நேரம்.