வணிகக் கப்பற் புள்ளிவிபரங்களும் போர்த்தந்திர விளையாட்டுகளும் – ஒரு வரலாற்று நோக்கு

போர் பற்றிய வரலாறு நெடுங்காலமாகப் படைத்தலைவர்களதும் போர்க்கப்பல்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோதுமையையும் நிலக்கரியையும் எண்ணெயையும் இரும்புத்தாதையும் சுமந்து சென்ற சரக்குக் கப்பல்கள் அவ்வரலாற்றின் ஓரங்களிலேயே இடம்பெற்றன. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் போக்கை நிர்ணயித்த காரணிகளுள் இக்கப்பல்களின் எண்ணிக்கையும் வேகமும் கொள்ளளவும் முதன்மையானவை என்பதை எவரும் இன்று மறுப்பதற்கில்லை.

அண்மைக்காலத்தில் இவ்விடயம் எதிர்பாராத ஓரிடத்தில் கவனம் பெற்றுள்ளது. கணினிவழிப் போர்த்தந்திர விளையாட்டுகளே அவ்விடம். 2016 இல் வெளிவந்த ‘ஹார்ட்ஸ் ஒஃப் அயன் 4’ வணிகக் கப்பல்களை ‘கொன்வோய்’ என்னும் ஒரே வகை அலகாகச் சுருக்கிவிடுகின்றது. 2009 இல் வெளிவந்த ‘வோர் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ அவற்றைத் தனித்தனிக் கப்பல்களாகவே காட்டுகின்றது. இத்தகைய விளையாட்டுகளின் தரவுக் கோப்புகளை ஆர்வலர்கள் தாமே திருத்தியமைப்பதுண்டு. ‘மொட்’ எனப்படும் இம்முயற்சியில் ஈடுபடுவோர், தம்மை அவ்வாறு கருதாவிடினும், வரலாற்றாசிரியரின் பணியையே செய்கின்றனர். எந்த எண்ணை எடுப்பது, எதை விடுப்பது என்னும் வினாக்களுக்கு அவர்களும் விடை கண்டாகவேண்டும். அவ்வினாக்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

அளவைகள் பற்றிய மயக்கம்

‘தொன்’ என்னும் சொல் கப்பற்றுறையில் ஒரே பொருளைச் சுட்டுவதில்லை. மொத்தப் பதிவுத் தொன் என்பது நிறையன்று. அது கன அளவு. 100 கன அடி கொண்ட மூடப்பட்ட இடம் ஒரு பதிவுத் தொன் ஆகும். 1854 ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டத்தின் வழி நிலைபெற்ற முறை இது. சுமைத் தொன் என்பதோ சரக்கு, எரிபொருள், நன்னீர், உணவு ஆகியன உட்பட ஒரு கப்பல் தாங்கவல்ல நிறை. போர்க்கப்பல்களுக்கு வழங்கப்படும் இடப்பெயர்ச்சித் தொன் கப்பலின் சொந்த நிறையையே குறிக்கும்.

1941 முதல் 1945 வரை ஐக்கிய அமெரிக்காவில் 2,710 எண்ணிக்கையிற் கட்டப்பட்ட ‘லிபேட்டி’ வகைக் கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தப் பதிவுத் தொன் 7,176. சுமைத் தொன் ஏறக்குறைய 10,800. ஒரு நாட்டின் கப்பல்களை முதல் அளவையாலும் மற்றொரு நாட்டின் கப்பல்களை இரண்டாம் அளவையாலும் பதிவு செய்யும் திருத்தியமைப்பாளர், தாம் அறியாமலே ஒரு தரப்புக்கு ஐம்பது சதவீத மேலதிக வலுவை வழங்கிவிடுகின்றார். அதன்பின் அவ்விளையாட்டில் யார் வென்றாலும் அவ்வெற்றிக்கு வரலாற்றுப் பொருள் எதுவும் இல்லை.

மூழ்கியவையும் மூழ்கியதாகச் சொல்லப்பட்டவையும்

அடுத்து நோக்கவேண்டியது மூலங்களின் நம்பகத்தன்மையாகும். போர்க்காலத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏறக்குறைய 4,000 யப்பானியக் கப்பல்களை, அதாவது ஒரு கோடித் தொன்னை, மூழ்கடித்ததாகக் கணக்கிடப்பட்டிருந்தது. 1947 இல் அமெரிக்கத் தரைப்படை–கடற்படைக் கூட்டு மதிப்பீட்டுக் குழு யப்பானியப் பதிவுகளுடன் ஒப்பிட்டு வெளியிட்ட அறிக்கை இத்தொகையை 1,314 கப்பல்களாகவும் ஏறக்குறைய 53 இலட்சம் தொன்னாகவும் குறைத்தது. இவ்வெண்ணிக்கையுள் 201 போர்க்கப்பல்களும் 1,113 வணிகக் கப்பல்களும் அடங்கும். இதன்பொருள், நாம் மேலே பிரித்துக் காட்டிய இருவேறு ‘தொன்’கள் இக்கூட்டுத்தொகையினுள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன என்பதாகும். மேலும் 500 மொத்தத் தொன்னுக்குக் குறைந்த வணிகக் கப்பல்களை அக்குழு கணக்கில் எடுக்கவில்லை. போரின் இறுதிக்கட்டத்தில் யப்பான் சிறு மரக்கலங்களையே பெரிதும் நம்பியிருந்தமையை நோக்குமிடத்து, இவ்விடுபாடு அற்பமானதன்று.

சுற்றோட்டமே வலு

கப்பல்களின் தொகை ஒன்றே கடல்வலுவாகாது. ஒரு கப்பல் ஓராண்டில் எத்தனை முறை சென்று மீள்கின்றது என்பதே உண்மையான அளவுகோல். மத்தியதரைக்கடல் வழியாகப் பிரித்தானியாவிலிருந்து சுயெஸ் செல்லும் தூரம் ஏறக்குறைய 3,000 கடல் மைல். 1940 இல் இத்தாலி போரில் இறங்கி அவ்வழி வணிகக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டபோது, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 12,000 கடல் மைலுக்கு மேற் செல்லவேண்டியதாயிற்று.

மணிக்கு 10 கடல் மைல் செல்லும் கப்பல் நாளொன்றுக்கு 240 கடல் மைல் கடக்கும். இரு துறைமுகங்களிலும் பத்துப் பத்து நாள் ஏற்றியிறக்கச் செலவாகுமெனக் கொண்டால், குறுகிய வழியிற் சென்று மீள 45 நாள் ஆகும்; ஆண்டுக்கு எட்டுப் பயணம். நீண்ட வழியில் 120 நாள்; ஆண்டுக்கு மூன்றே பயணம். ஒரு கப்பல்தானும் மூழ்காமலே வலுவின் பெரும்பகுதி மறைந்துவிடுகின்றது. குறுகிய வழியிலேயே துறைமுகத் தாமதம் பத்து நாளிலிருந்து இருபதாக உயர்ந்தாலும், எட்டுப் பயணம் ஐந்தரையாகிவிடும். பாதுகாப்புக் கூட்டணியாகச் செல்லும் கப்பல்கள் யாவும் அவற்றுள் மெதுவானதன் வேகத்திலேயே செல்லவேண்டும் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணவேண்டும்.

போருக்கு முன் ஆண்டுக்கு ஏறக்குறைய 550 இலட்சம் தொன்னாக இருந்த பிரித்தானியாவின் எண்ணெய் தவிர்ந்த இறக்குமதி, 1942 இல் ஏறக்குறைய 230 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்கு நீர்மூழ்கிகளைப் போலவே தூரமும் தாமதமும் படைத்துறைத் தேவைகளும் காரணமாயின. யப்பானிலோ கப்பல்கள் தரைப்படை, கடற்படை, குடிசார் பொருளாதாரம் என முத்தரப்பாகப் பங்கிடப்பட்டிருந்தன. தெற்கே துருப்புகளைச் சுமந்து சென்ற படைக் கப்பல்கள் வெறுமையாக வடக்கே திரும்ப, மூலப்பொருள் ஏற்றச் சென்ற குடிசார் கப்பல்கள் வெறுமையாகத் தெற்கே சென்றன. நிருவாக முரண்பாடும் ஓர் ஆயுதமாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

பட்டியலில் இல்லாதவை

இலண்டனின் லொயிட்ஸ் பதிவேடு 100 மொத்தத் தொன்னும் அதற்கு மேற்பட்டனவுமான கப்பல்களையே கொண்டது. 1930 முதல் 1945 வரையான அதன் தொகுதிகள் இன்று கணினியிற் பார்வையிடக் கிடைப்பதால் திருத்தியமைப்பாளர்கள் அதனையே பெரிதும் சார்ந்து நிற்கின்றனர். அவ்வெல்லைக்குக் கீழே இருந்தோரின் கதி யாது?

1942 இல் யப்பானியர் வருகையை எதிர்பார்த்த பிரித்தானிய ஆட்சி, வங்காளத்தின் கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றவல்ல நாட்டுப் படகுகளைப் பல்லாயிரக்கணக்கில் அப்புறப்படுத்தியது, அல்லது அழித்தது. ஆறுகளே பாதைகளாயிருந்த அந்நாட்டில் நெல்லும் மீனும் அப்படகுகளிலேயே சென்றன. 1943 சனவரியில் இந்து சமுத்திரத்துக்கான கப்பற் பயணங்களைப் பெருமளவு குறைக்கும் முடிவை சேர்ச்சில் மேற்கொண்டார். அவ்வாண்டு வங்காளப் பஞ்சத்தில் மாண்டோர் தொகையை 1945 இன் விசாரணைக்குழு 15 இலட்சமெனக் கணித்தது; அமார்த்தியா சென்னின் மதிப்பீடு 30 இலட்சத்தை அண்மிக்கின்றது. பர்மாவின் வீழ்ச்சி, 1942 அக்டோபர்ச் சூறாவளி, பணவீக்கம், பதுக்கல் ஆகியனவும் இதற்குக் காரணமாயிருந்தன. எக்காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கப்பற் பங்கீடு அவற்றுள் ஒன்று என்பது தெளிவு. விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்திக் கப்பல்களை அத்திலாந்திக்குக்கு மாற்றுபவர் இம்மரணங்களைக் காண்பதில்லை. அவர் திரையிற் காண்பது திறமையான பங்கீடு மட்டுமே.

நமது நாட்டு அனுபவமும் இதனுடன் தொடர்புடையது. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பும் 9 இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ பற்றிப் பலர் அறிவர். அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் அட்மிரல் ஒசாவாவின் படையணி 23 வணிகக் கப்பல்களை, ஏறக்குறைய 1,12,000 மொத்தத் தொன்னை, மூழ்கடித்தமை அத்துணை அறியப்படவில்லை. பர்மிய அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு எந்த இழப்பு நெருக்கமானது என்பதைக் கூறவேண்டியதில்லை.

இனி, கப்பலுக்குள் இருந்தோர். பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ‘லஸ்கார்’ எனப்பட்ட தென்னாசியக் கடலோடிகள் பல்லாயிரவர் பணியாற்றினர். வெள்ளையரின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே அவர்களுக்குக் கிடைத்தது. 1939 இல் போர் தொடங்கியதும் கூடிய ஊதியம் கோரி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், பலர் சிறையிடப்பட்டனர். போரில் மாண்ட பிரிக்கப்படாத இந்தியாவின் வணிகக் கடலோடிகள் ஏறக்குறைய 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகொங்கிலும் நினைவேடுகளில் உள்ளன. விளையாட்டின் தரவுக் கோப்பில் வேகத்துக்கும் கொள்ளளவுக்கும் இடம் உண்டு, இவர்களுக்கு இல்லை.

முடிவுரை

விளையாட்டுகளை வெறுத்தொதுக்குவது நமது நோக்கமன்று. மக்கள் தாமாகவே பழைய பதிவேடுகளைத் தேடிப் படிப்பது வரவேற்கத்தக்கது. ஆயின் ஒவ்வோர் எண்ணுடனும் அதன் அளவை, மூலம், அது விலக்கியவை ஆகிய மூன்றும் சேர்த்தே எழுதப்படவேண்டும். எங்கிருந்து கப்பல் எடுக்கப்பட்டதோ அங்குள்ள மக்களின் உணவு குறைந்தது என்பதைக் காட்டும் ஒரு வரியையேனும் விதிமுறையிற் சேர்க்கவேண்டும். தொன் கணக்கு எழுதியோர் தமக்கு வேண்டியதையே எண்ணினர். அதனை மீள எண்ணும் நாம், அவர்கள் எண்ணாது விட்டதையும் எண்ணக் கடமைப்பட்டவர்கள்.