நன்றிக்கு ஒரு நோட்டு: கஜாவுக்குப் பிறகான கீரமங்கலம் சொல்வது என்ன?

வேலை போனவரிடம் போய் ‘பாசிட்டிவா இருங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனால், கஷ்ட காலத்தில் நன்றி உணர்வு மனதைத் தாங்கிப் பிடிக்கும் என்று உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. ரெண்டும் எப்படி சரியா இருக்க முடியும்? புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம் போய்ப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

பூவுக்கும் தென்னைக்கும் பேர் போன பகுதி இது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், இந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தென்னைக்கு அரசு அறிவித்த இழப்பீடு, வெட்டி அகற்றும் கூலி 500 ரூபாயையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய். நெட்டைத் தென்னை புதிதாக வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். இதில் ‘நன்மை’ எங்கே இருக்கிறது? யாரும் புயலுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

நன்றி வேறு பக்கம் போனது. சாய்ந்த மின்கம்பங்களை நட வெளி மாவட்டங்களில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட்டில்தான் கேரள வெள்ளத்துக்கு இங்கிருந்து நிவாரண லாரிகள் போயிருந்தன. ஆலங்குடி வட்டாரத்தில் ஒரு டீக்கடைக்காரர், வாடிக்கையாளர்கள் வைத்திருந்த கடன் பாக்கி மொத்தத்தையும் தள்ளுபடி செய்வதாகக் கடையில் எழுதி வைத்தார். இத்தனைக்கும் புயலில் அவருக்கும் நஷ்டம்தான்.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு குழு வாராவாரம் நன்றி தோன்றும் விஷயங்களை எழுதியது, இன்னொரு குழு எரிச்சலூட்டியதை எழுதியது. முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கை குறித்து நிறைவாக உணர்ந்தார்கள். நரம்புத்தசை நோய் உள்ளவர்களிடமும் 21 நாள் இப்படிச் செய்து பார்த்தார்கள். அவர்களும் தினமும் நன்றியை எழுதியபோது மனநிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள். நோய் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எழுதி வைப்பது கீரமங்கலத்துக்குப் புதுசு இல்லை.

மொய் விருந்து என்றால்?

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து களைகட்டும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்காது. பணத் தேவை உள்ளவர் பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார். செலவைக் குறைக்கப் பல பேர் ஒரே பந்தலில் சேர்ந்து நடத்துவதும் உண்டு. வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். பெயர், ஊர், தொகை நோட்டில் ஏறும். அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கிய தொகையோடு கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், தொழில் தொடங்கியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இந்த ஊர்களில் நிறைய.

இதை ரொம்பவும் சிலாகிக்கவும் முடியாது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் அது மானப் பிரச்சினை. கஜாவுக்கு அடுத்த ஆடியில் தோப்பை இழந்தவர்களுக்கு இந்த நோட்டே பாரமாகவும் இருந்தது. கையில் காசில்லை, ஆனால் முறை வந்துவிட்டது. பிறகு கொரோனா வந்து கூட்டம் கூடவே தடை விழுந்தது. நன்றி எந்த இடத்தில் கடனாக மாறுகிறது என்ற கேள்விக்கு மொய் நோட்டில் பதில் கிடையாது. டீக்கடைக்காரர் தன் பாக்கி நோட்டை மூடியது அதனால்தான் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

ஆனாலும் ஒன்று: கஷ்டத்தில் இருப்பவர் ‘எனக்கு யார் இருக்கா?’ என்று கேட்டால், இங்கே அதற்குப் பக்கம் பக்கமாகப் பெயர் இருக்கிறது. இப்போது சில பந்தல்களில் நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் ரசீது தருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிகள் ஆன்லைனில் மொய் அனுப்புகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரை மட்டும் இன்னமும் விடாமல் கேட்டு எழுதுகிறார்கள்.