வைத்தியத்துக்காக வெளியூரில் தங்கும்போது

வைத்தியத்துக்காக வேலூர், சென்னை என்று போகும் நம் தஞ்சைப் பகுதிக் குடும்பங்கள் இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்புகின்றன. பரிசோதனை, ரிசல்ட், மறுபடி டாக்டர் என்று அது இருபது நாளாகிவிடுகிறது. (இரண்டாம் சரபோஜி காலத்துச் சத்திரங்களில் நோயாளி வழிப்போக்கருக்கு மருந்தும் உணவும் கொடுத்தார்கள், இன்று லாட்ஜ்தான்.) வேலூர் சி.எம்.சி. பக்கம் வங்காளத்திலிருந்து வருகிறவர்களைப் பாருங்கள்: சமைக்க இடமுள்ள அறையாக எடுத்து, மீன் குழம்பு வரை அங்கேயே ஆக்கிக்கொள்கிறார்கள். வார வாடகை உண்டா, அடுப்பு வைக்கலாமா, லிஃப்ட் இருக்கிறதா என்று நாமும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தொழுகையில்தான் பலருக்குக் குழப்பம். ஹனஃபி மத்ஹபில் ஓரூரில் 15 நாளோ கூடுதலோ தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் இல்லை, முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈயில், போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக 4 நாள். நாளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தே நாள் தள்ளிப்போனால் ஹனஃபியில் கஸ்ர் தொடரும். ஷாஃபிஈயில் 18 நாள் வரை. சந்தேகமிருந்தால் நம் இமாமிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஜகாத் பெறத் தகுதியுள்ள 8 பிரிவினரில் வழிப்போக்கரும் உண்டு (அத்தவ்பா 9:60). ஊரில் நஞ்சை இருந்தும் கைக்காசு தீர்ந்து வாடகை பாக்கிக்குத் தவிப்பவர் அதில் அடங்குவார். கேட்கக் கூசிக்கொண்டு, வட்டிக்கு நகையை வைத்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். அதற்கு முன்பே அந்த ஊர்ப் பள்ளிவாசலிலோ நம் டிரஸ்டிலோ சொல்லிவிடுங்கள். பெயர் வெளியே வராது.