பயன்படுத்திய பேஸ் கிதார்: வாங்குதலும் சீர்செய்தலும்

பேஸ் கிதார் என்பது சாதாரண கிதாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்வாக ஒலிக்கும் மின் தந்திக் கருவி ஆகும். இதன் தந்திகள் தாழ்விலிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி சேர்க்கப்படும். ஈ தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறையும், ஜி தந்தி 98 முறையும் அதிர்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930களிலேயே இவ்வகைக் கருவி ஒன்றைச் செய்து விற்றார். ஆனால் அது பரவவில்லை. கலிபோர்னியாவில் லியோ ஃபென்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் இக்கருவியை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் பாடல்களைக் கேட்டவர்களுக்கு இதன் ஒலி பழக்கமானதே. பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இன்று சந்தையில் கிடைக்கும் நான்கு தந்தி பேஸ்களில் பெரும்பாலானவை பிரிசிஷன் பேஸின் வழிவந்தவை. ஆகவே இக்கட்டுரை அந்த வகையையே எடுத்துக்கொள்கிறது.

அமைப்பு

ஃபென்டர் முதலில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். அந்தத் தொழிலின் பழக்கம் அவர் கருவியில் தெரிகிறது. கழுத்தை உடலோடு பசையால் ஒட்டாமல் நான்கு திருகுகளால் பிணைத்தார். எந்தப் பகுதி கெட்டாலும் கழற்றி வேறு மாற்றலாம். பழைய பேஸ் கிதாரைத் துணிந்து வாங்க முடிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கழுத்தின் மேல் உலோகக் கம்பிகள் குறுக்காகப் பதிக்கப்பட்டிருக்கும். கிதார்க் கலைஞர்கள் இவற்றை ஃபிரெட் என்பர். வீணையில் உள்ள மெட்டுகளின் வேலையைத்தான் இவை செய்கின்றன. இங்கும் மெட்டு என்றே குறிக்கப்படுகிறது. தந்தி உடற்பக்கத்தில் பிரிட்ஜ் மீதும், தலைப்பக்கத்தில் பள்ளமிட்ட சிறு கட்டை மீதும் அமர்கிறது. இச்சிறு கட்டைக்கும் நட் என்றே பெயர். திருகு நட்டோடு குழப்பம் வராதிருக்க, இங்கே அது மேற்கட்டை எனப்படும். மேற்கட்டைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86.4 செ.மீ.

கழுத்துக்குள் நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. இதன் பெயர் டிரஸ் ராட். நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 முதல் 80 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு கழுத்தை முன்னோக்கி வளைக்கின்றன. அந்த இழுவையை எதிர்த்து நிற்பது இக்கம்பியே. முனையிலுள்ள நட்டை இறுக்கினால் கழுத்து பின்னோக்கி நிமிரும். தளர்த்தினால் தந்திகளின் இழுவைக்கு இணங்கி முன்னோக்கி வளையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது வண்ணத்தையும் கீறல்களையும்தான். விலையைக் குறைத்துப் பேச அவை உதவும். ஒலியை அவை மாற்றுவதில்லை. கீறல் நிறைந்த உடலும் நல்ல கழுத்தும் உள்ள கருவி, பளபளக்கும் உடலும் முறுக்கிய கழுத்தும் உள்ள கருவியைவிடப் பல மடங்கு மேலானது. பிக்கப், திருகிகள், பிரிட்ஜ் எல்லாவற்றையும் சிறிது சிறிதாகப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கழுத்து கெட்டிருந்தால் செலவு கருவியின் விலையையே எட்டிவிடும். சேமித்த பணத்தில் முதல் கருவி வாங்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

எனவே சோதனை கழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். தந்திகள் சரியான சுருதியில் இருக்கும்போது கருவியைத் துப்பாக்கிபோல் ஏந்தி, தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரு ஓரங்களையும் பார்க்க வேண்டும். இரு ஓரங்களும் ஒரே அளவு, மிக இலேசாக முன்னோக்கி வளைந்திருந்தால் அது இயல்பு. ஓர் ஓரம் நேராகவும் மற்றது வளைந்தும் தெரிந்தால் கழுத்து முறுக்கியுள்ளது. டிரஸ் ராட் முன்னும் பின்னுமாகவே கழுத்தை அசைக்கும். முறுக்கலை அதனால் நீக்க முடியாது. அத்தகைய கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, விற்பவரின் சம்மதத்தோடு டிரஸ் ராட் நட்டைப் பொருத்தமான ஆலன் கீ கொண்டு எட்டில் ஒரு சுற்று இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். மிதமான எதிர்ப்போடு திரும்பினால் நலம். அசையவே மறுத்தால் துருப்பிடித்திருக்கலாம், அல்லது முன்பிருந்தவர் கடைசிவரை இறுக்கியிருக்கலாம். எதிர்ப்பே இல்லாமல் சுழன்று, கழுத்தும் அசையாவிட்டால் கம்பியோ மரையோ போய்விட்டது. இறுக்கும் வசதி மீதமில்லாத கழுத்தில் நட்டுக்கு அடியில் ஒரு வாஷர் சேர்த்து மேலும் சிறிது இறுக்கலாம் என்பது பழைய பழுதுநீக்குநர்களின் உத்தி. அது பலிக்கவும் கூடும். பலிக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. பழைய பாணிக் கழுத்துகளில் இந்த நட் உடற்பக்கம் இருப்பதால், கழுத்தைத் தளர்த்தினால் மட்டுமே அதை எட்ட முடியும். விற்பவர் அதற்கு மறுத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. விலையில் அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மெட்டுகளில் தந்தி அழுந்தி ஏற்பட்ட பள்ளங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆழமில்லாத பள்ளங்களை அரத்தால் சமப்படுத்தலாம். மெட்டு முழுவதுமே தட்டையாகத் தேய்ந்திருந்தால் புதிதாகப் பதிக்க வேண்டியிருக்கும். அது தேர்ந்த கைவினைஞரின் வேலை, செலவும் கூடுதல்.

பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிக் கேட்க வேண்டும். ஜி தந்தியில் 5 முதல் 7ஆம் மெட்டு வரையுள்ள பகுதியில் ஒரு சுரம் மட்டும் விரைவில் அடங்கிப்போவது இவ்வகைக் கருவிகளில் சாதாரணம். கழுத்து அந்தச் சுரத்தோடு சேர்ந்து அதிர்ந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம். புதிய, விலையுயர்ந்த கருவிகளிலும் இது உண்டு. பழுதென்று எண்ணிச் செலவழிக்கத் தேவையில்லை.

புகழ்பெற்ற பெயரைத் தலையில் ஒட்டி விற்கும் போலிகளும் உலவுகின்றன. ஃபென்டர் கருவிகளில் 1970களின் நடுப்பகுதிவரை வரிசை எண் கழுத்தைப் பிணைக்கும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டது. அந்தத் தகட்டை நான்கு திருகுகளைக் கழற்றி வேறொரு கருவிக்கு மாற்றிவிடலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்புவது போதாது. அதிக விலை கேட்கப்படும் பழங்கருவியாயின், கழுத்தைக் கழற்றி அதன் அடிப்பகுதியில் உள்ள தேதிக் குறிப்பையும் பார்ப்பதே முறை.

சரிசெய்யும் வரிசை

வாங்கிய கருவி வாசிக்கக் கடினமாக இருந்தால் அது மட்டமானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல கருவிகள் சரிசெய்யப்படாமலேயே கைமாறுகின்றன. இதில் வரிசையே முக்கியம்: முதலில் கழுத்தின் வளைவு, பின்பு தந்தியின் உயரம், அதன்பின் சுருதித் துல்லியம். வளைவு மாறினால் உயரம் மாறும். உயரம் மாறினால் தந்தி அழுத்தப்படும்போது நீளும் அளவு மாறி, சுருதியும் மாறும். தலைகீழாகச் செய்தவர் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

வளைவை அளக்க, ஈ தந்தியை முதல் மெட்டிலும் கழுத்து உடலைச் சேரும் இடத்து மெட்டிலும் ஒருசேர அழுத்த வேண்டும். அப்போது தந்தியே நேர்கோடாகிவிடும். 7 அல்லது 8ஆம் மெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இருசக்கர வாகன மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். இடைவெளி அதிகமானால் நட்டை வலப்பக்கம் இறுக்க வேண்டும். குறைவானால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. மீண்டும் சுருதி சேர்த்து, சிறிது நேரம் விட்டு அளக்க வேண்டும். மரம் உடனே முழுவதும் இணங்கிவிடாது. மறுநாள் சிறிது மேலும் நகர்ந்திருக்கும். கம்பி முறிவது பெரும்பாலும் இங்கே காட்டப்படும் அவசரத்தால்தான்.

உயரத்தை 17ஆம் மெட்டில் அளப்பர். ஈ தந்திக்குச் சுமார் 2.4 மி.மீ., ஜி தந்திக்குச் சுமார் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடிலின் சிறு திருகுகளால் இதை மாற்றலாம். சேடில் அடிவரை இறங்கியும் தந்தி உயரமாகவே இருந்தால், கழுத்து அமரும் குழியில் பிரிட்ஜ் பக்க ஓரமாக மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்தால் கழுத்து பின்னோக்கிச் சாயும், தந்தி இறங்கும்.

சுருதித் துல்லியத்துக்கு 12ஆம் மெட்டு உதவுகிறது. அங்கே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் அனுசுரமும், அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே நகர்த்தித் தந்தியை நீட்ட வேண்டும். இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவர வேண்டும். பழைய, அழுக்கேறிய தந்தியில் இச்சோதனை பயன்படாது. ஆகவே தந்திகளை மாற்றியபின் செய்வதே சரி.

தந்தி கரகரப்பது எங்கே என்பதே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். முதல் நான்கைந்து மெட்டுகளில் மட்டும் கரகரத்தால் கழுத்தில் வளைவு போதவில்லை. 12க்கு மேல் மட்டுமாயின் சேடில் தாழ்ந்துவிட்டது, அல்லது கழுத்தின் அடிப்பகுதி மேடாகியுள்ளது. அழுத்தாத தந்தி மட்டும் கரகரத்தால் மேற்கட்டையின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு சுரத்தில் என்றால் அதற்கு அடுத்த மெட்டு தூக்கி நிற்கிறது. தூக்கிய மெட்டைப் பிளாஸ்டிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டி அமர்த்தி, துளி உடனடிப் பசை விடலாம். ஒலிபெருக்கியில் கேட்காத இலேசான கரகரப்பைப் பெரும்பாலான கலைஞர்கள் பொருட்படுத்துவதில்லை.

மின் பகுதி

குமிழைத் திருப்பும்போது கரகரவென ஒலித்தால் பெரும்பாலும் தூசிதான். மின்கருவிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்துப் பலமுறை திருப்பினால் சரியாகும். ஒலி விட்டுவிட்டு வந்தால் ஒயர் செருகும் ஜாக்கின் நாக்கை உள்நோக்கி இலேசாக வளைக்க வேண்டும். பற்றுவைத்த இடம் விட்டிருந்தால் மீண்டும் ஈயம் வைக்க வேண்டும்.

ஒலியே வராவிட்டால் பிக்கப்பைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஒலிக் குமிழை முழுதும் திறந்து, ஜாக்கில் அளந்தால் பிரிசிஷன் வகையில் சுமார் 10 கிலோ ஓம் காட்டும். 250 கிலோ ஓம் அருகே காட்டினால் பிக்கப்பின் சுருள் அறுந்துள்ளது. மீட்டர் அளப்பது ஒலிக் குமிழின் தடையை மட்டுமே. சுருள் கம்பி சுமார் 0.06 மி.மீ. தடிமன் உடையது. மின்விசிறி காயில் கட்டும் கடையில் கொடுப்பதைவிட வேறு பிக்கப் வாங்குவது எளிது.

9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் பேஸ்களும் உண்டு. அவற்றில் ஒயரைச் செருகினாலே மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். வாசிக்காதபோது ஒயரைப் பிடுங்கி வைக்காவிட்டால் பேட்டரி வீணாகும். பல 'பழுதான' கருவிகளுக்குத் தேவைப்படுவது புதிய பேட்டரி மட்டுமே.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் இணைப்பு சரியாக உள்ளது. பிரிட்ஜுக்கு அடியில் செல்லும் ஒயர் தந்திகளை ஒலிபெருக்கியின் எர்த்தோடு இணைக்கிறது. இதனாலேயே வீட்டு எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் ஒலிபெருக்கியைப் போடுவது ஆபத்து: அதில் கசியும் மின்சாரம் தந்தி வழியே கைக்கு வரும். 1972இல் வேல்ஸின் சுவான்சீ நகர மேடையில் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். பழைய ஒலிபெருக்கியைக் கருவியோடு சேர்த்து வாங்குபவர் அதன் மூன்றாவது பின் வெட்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மரமும் தந்தியும்

தளர்ந்த திருகுத் துளையில் மரப்பசை தோய்த்த பல்குத்தும் குச்சிகளை நெருக்கி அடைத்து, காய்ந்தபின் திருகினால் பிடிக்கும். பட்டை மாட்டும் குமிழுக்கு இந்த வேலையை முதலிலேயே செய்வது நல்லது. 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவி தோளிலிருந்து விழுந்தால் தலைப்பகுதி பிளக்கும். விரற்பலகை ஈட்டி மரமானால் ஆண்டுக்கு ஓரிரு முறை துளி எண்ணெய் தேய்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே மரம்தான் பல அயல்நாட்டுக் கருவிகளிலும் உள்ளது. அரக்குப் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டாம்; உலர்ந்த துணி போதும்.

தந்தி மாற்றும்போது பழைய தடிமனையே வாங்கினால் முன்செய்த சீரமைப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கும். தடிமன் மாறினால் வளைவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். புதிய தந்தியை நறுக்கும் முன், நறுக்கும் இடத்துக்குச் சற்று முன்பாகச் செங்கோணமாக மடக்கிவிட வேண்டும். மடக்காமல் நறுக்கினால் வெளிச்சுற்று உள்கம்பியிலிருந்து தளர்ந்து, புதுத் தந்தியும் முதல் நாளே மந்தமாக ஒலிக்கும்.