கேரவன் வேன்: புதுசா, செகண்ட் ஹேண்டா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

விருத்தாசலத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். செராமிக் கம்பெனியில வேலை, சம்பளம் 40,000. "அண்ணா, படுக்கை, கிச்சன் வெச்ச வேன் வாங்கி லீவுக்கு லீவு ஊர் சுத்தணும். புதுசு எடுக்கவா, பழசு எடுக்கவா?"

ஆசை தப்பில்லை. கணக்கைப் பாருங்க.

புதுசு எடுத்தா

உதாரணத்துக்கு, வேன், உள்வேலை எல்லாம் சேர்த்து 15 லட்சம்னு வைங்க. கையில 5 லட்சம், கடன் 10 லட்சம். 9.5% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 21,000 ரூபாய். சம்பளத்துல பாதிக்கு மேல! வட்டி மட்டும் 2.6 லட்சம்.

இன்னொரு பக்கம், இன்சூரன்ஸ் தேய்மானக் கணக்குப்படி 3 வருஷம் தாண்டின வண்டியோட மதிப்பு 40% குறையும், 4 வருஷம் தாண்டினா 50%. அதாவது, கடன் முடியுறதுக்குள்ளயே மதிப்பு பாதி ஆயிடும்.

பழசு எடுத்தா

அந்த நஷ்டத்தை முதல் ஓனரே ஏத்துக்கிட்டார். இதுதான் பழசோட லாபம். ஆனா கடன் வட்டி பொதுவா கூடுதல். அதோட கேரவனுக்கு வயசு ரெண்டு: இன்ஜினுக்கு ஒண்ணு, உள்ள இருக்குற வீட்டுக்கு ஒண்ணு.

விருத்தாசலத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா? கப்பைச் சுண்டிப் பார்த்துதானே வாங்குவீங்க. கீறல் இருந்தா சத்தம் மந்தமா வரும். வேனையும் அப்படித்தான் சுண்டிப் பார்க்கணும்:

- கூரை மூலையில ஈர வாசனை, ஊறின பிளைவுட் இருக்கா?
- வயரிங், பேட்டரி, கேஸ் டியூப் எப்படி இருக்கு?
- கேரவனா மாத்தினது ஆர்சியில பதிவாகி இருக்கா? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதைக் கேட்குது. பதிவு இல்லைன்னா, விபத்து நடந்தா கிளெய்ம் சிக்கல். விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம்.
- பழைய கடன் முடிஞ்சுதா? படிவம் 35, பேங்க் என்ஓசி ரெண்டும் வாங்குங்க.
- பேர் மாத்த படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

என் பதில்

வருஷத்துக்கு 20 நாள் ஓட்டுவீங்களா? புது வேனோட இஎம்ஐ மட்டுமே ஒரு நாளைக்கு 12,600 ரூபாய் ஆகுது. டீசல், இன்சூரன்ஸ் தனி. அதனால முதல்ல ஒரு ட்ரிப் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்க தம்பி. திரும்பி வந்தும் ஆசை அடங்கலைன்னா, ஆர்சி சுத்தமா இருக்குற பழசை வாங்குங்க. சம்பளத்துல பாதியைத் தின்னுற புதுசு இப்போ வேண்டாம்.

உங்க கணக்கு என்ன சொல்லுது? கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.